அம்மாவின் முழங்காலும் வயல் உறுதியும்

கேள்வி:

டொக்டர், நான் களுதாவளையிலிருந்து எழுதுகிறேன். பாடசாலை ஆசிரியை. அம்மாவுக்கு 69 வயது. பதினான்கு வருடமாகச் சீனி வருத்தம். இரண்டு முழங்காலும் தேய்ந்துவிட்டது, இப்போது கண்ணும் மங்கலாகத் தெரிகிறது என்கிறா. அப்பாவுக்கு 74. ஆறேழு மாதமாக வலது கை நடுங்குகிறது, நடையும் சின்னச் சின்ன எட்டாகிவிட்டது. போன மாதம் ஒரு ஹோட்டலில் நடந்த கூட்டத்துக்கு அண்ணனின் நண்பர் எங்களைக் கூட்டிப்போனார். வெளிநாட்டு ஸ்டெம் செல் நிலையமொன்றின் ஆட்கள் வந்திருந்தார்கள். தொப்புள்கொடியில் எடுத்த செல்லைச் சேலைனோடு மூன்று தரம் ஏற்றினால் மூட்டு, கண், சீனி, நடுக்கம் எல்லாம் குறையும், உடம்பு பத்து வயது பின்னுக்குப் போகும் என்றார்கள். இரண்டு பேருக்கும் சேர்த்து 46 லட்சம். கட்டாரில் இருக்கும் அண்ணன் பாதி தருகிறார். மீதிக்கு வெல்லாவெளிப் பக்கம் உள்ள இரண்டு ஏக்கர் வயலை விற்கச் சொல்கிறார். மாத முடிவுக்குள் முற்பணம் கட்டினால் கழிவு உண்டாம். அங்கேயே ஆப்பிள் ஸ்டெம் செல் தூளும் விற்றார்கள், ஒரு பெட்டி வாங்கிவிட்டோம். காசு செலவழிக்கத் தயங்கினால் பெற்றவர்களைக் கைவிட்ட மாதிரி மனம் குத்துகிறது. என்ன செய்யட்டும்?

பதில்:

அன்புள்ள மகள்,

மாத முடிவுக்கு அதிக நாள் இல்லை, ஆகவே விடையை முதலில் சொல்லிவிடுகிறேன். வயலை விற்க வேண்டாம். முற்பணம் கட்ட வேண்டாம். அண்ணனுக்கும் இந்தப் பதிலை அப்படியே அனுப்பிவிடுங்கள். கட்டாரில் வெயிலில் நின்று உழைத்த காசை அம்மா அப்பாவுக்கென்று எடுத்து வைக்கிற பிள்ளை அவர். அவரோடு சண்டை பிடிக்க வேண்டியதில்லை. அந்தக் காசைப் பிரயோசனமான இடத்தில் போட வழி இருக்கிறது, அதையும் சொல்கிறேன்.

ஸ்டெம் செல் என்பதே பொய் என்று நான் சொல்லமாட்டேன். அப்படிச் சொன்னால் அதுவும் பிழை. தென்னையை நினைத்துப் பாருங்கள். அந்த மரத்துக்கு உச்சியில் ஒரே ஒரு குருத்து. மட்டை, பாளை, குரும்பை எல்லாவற்றுக்கும் மூலம் அதுதான். வண்டு அந்தக் குருத்தைத் தின்றுவிட்டால் அடிமரம் எவ்வளவு தடித்திருந்தாலும் மரம் பட்டுப்போகும். நம் உடம்பிலும் அப்படிக் குருத்தாக நிற்கிற கலங்கள், அதாவது செல்கள், உண்டு. தமிழில் குருத்தணு என்று எழுதுவார்கள், எனக்குப் பிடித்த சொல். ஆனால் மனிதனுக்குக் குருத்து ஒன்றல்ல. இரத்தத்துக்கு எலும்பின் உள்ளே இருக்கும் மென்மையான என்பு மச்சைக்குள் ஒரு குருத்து, தோலுக்கு வேறொன்று, குடலின் உட்தோலுக்கு இன்னொன்று. இரத்தத்தின் குருத்து முழங்கால் சவ்வை உண்டாக்காது. தோலின் குருத்து மூளை நரம்பை உண்டாக்காது. உங்களுக்குக் காட்டப்பட்ட பிரசுரத்தில் ஒரே சேலைன் போத்தல் மூட்டுக்கும் கண்ணுக்கும் சீனிக்கும் நடுக்கத்துக்கும் மருந்தாகிறதே, அந்த இடத்திலேயே நான் அதை மூடி வைத்துவிடுவேன்.

இந்தத் துறையில் உண்மையாகவே உயிர் காத்த சிகிச்சை என்பு மச்சை மாற்றுத்தான். டொனல் தோமஸ் என்ற அமெரிக்க வைத்தியர் 1957 இல் மனிதருக்கு மச்சை ஏற்றிய முதல் ஆறு பேரின் விபரத்தை வெளியிட்டார். ஆறு பேரும் பிழைக்கவில்லை. அவர் விடவில்லை. பல வருட உழைப்புக்குப் பிறகு அது இரத்தப் புற்றுநோய்க்கும் பரம்பரை இரத்த நோயான தலசீமியாவுக்கும் நிலையான சிகிச்சையாகியது, 1990 இல் அவருக்கு நோபல் பரிசும் கிடைத்தது. இன்று மஹரகம அபேக்ஷா வைத்தியசாலையிலும் என்பு மச்சை மாற்று நடக்கிறது. அது பலிப்பதற்குக் காரணம், ஏற்றப்படும் இரத்தக் குருத்து தன் வீடாகிய மச்சையைத் தானே தேடிப்போய்க் குடியேறுவதுதான். அதற்கு முன்னால் கடும் மருந்து கொடுத்துப் பழைய மச்சையை வெறுமையாக்க வேண்டும். உயிராபத்து உள்ள வேலை அது. வயதைக் குறைக்க யாரும் அதைச் செய்வதில்லை.

உங்களுக்குச் சொல்லப்பட்ட தொப்புள்கொடிச் செல் வேறு இனம். 1991 இல் ஆர்னல்ட் கப்லான் என்ற அமெரிக்க விஞ்ஞானி அந்த இனத்துக்கு ‘மெசன்கைமல் ஸ்டெம் செல்’ என்று பெயர் வைத்தார். ஆய்வுகூடத்துத் தட்டில் அவை எலும்பாகவும் குருத்தெலும்பாகவும் மாறின. அதனால் உடம்புக்குள்ளும் மாறும் என்ற நம்பிக்கை பிறந்தது. ஆனால் நாளத்தால் ஏற்றும்போது நடப்பது வேறு. அவற்றில் பெரும்பங்கு நுரையீரலின் நுண்குழாய்களில் போய்ச் சிக்கி, சில நாட்களில் அழிந்துவிடுகிறது. அழியுமுன் சில இரசாயனங்களை வெளிவிடுகின்றன, அவை வீக்கத்தைக் கொஞ்சம் தணிக்கலாம். முழங்காலுக்குப் போய்ச் சவ்வாக வளர்வதோ, கண்ணுக்குப் போய் விழித்திரையாக முளைப்பதோ இல்லை. பெயர் வைத்த அதே கப்லான் 2017 இல், ஸ்டெம் செல் என்ற பெயர் ஆட்களை ஏமாற்றுகிறது, பெயரை மாற்றுங்கள் என்று கட்டுரை எழுதினார். பெயர் சூட்டியவரே வேண்டாம் என்று சொன்ன பெயரைத்தான் அந்த ஹோட்டல் மண்டபத்தில் பெரிய எழுத்தில் தொங்கவிட்டிருக்கிறார்கள்.

கண்ணைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும். கண்தான் எனக்கு அதிகம் பயமூட்டுகிறது.

ஜப்பானில் ஷின்யா யமனக்கா 2006 இல் எலியின் சாதாரண கலத்தையும், அடுத்த வருடம் மனிதனின் தோல் கலத்தையும், நான்கு மரபணுக்களைச் செலுத்திக் கருவின் நிலைக்கே திருப்பிக் காட்டினார். 2012 இல் அவருக்கும் நோபல். அந்த வழியில் 2014 இல் கோபே நகரத்தில், வயதால் விழித்திரையின் நடுப்பகுதி கெட்டுக்கொண்டிருந்த எழுபது வயது தாண்டிய அம்மா ஒருவருக்கு உலகின் முதல் சிகிச்சை நடந்தது. அவருடைய சொந்தத் தோலிலிருந்து கலம் எடுத்து, மாதக்கணக்கில் வளர்த்து, விழித்திரைக்கு அடியில் இருக்கும் நிறக் கலங்களாக மாற்றி, மெல்லிய தாளாக்கி, ஒரே ஒரு கண்ணுக்குள் வைத்தார்கள். பார்வை கூடவில்லை, மேலும் குறையாமல் நின்றது. இரண்டாவது நோயாளிக்கும் கலம் தயாரானது. ஆனால் அந்தக் கலங்களின் மரபணுவில் சில மாற்றங்கள் தெரிந்ததும் வைக்காமல் நிறுத்திவிட்டார்கள். உண்மையான வைத்தியத்தின் நிதானம் அப்படித்தான் இருக்கும்.

அதற்கு அடுத்த வருடம் அமெரிக்காவின் புளோரிடாவில், அதே நோய் உள்ள 72 முதல் 88 வயது வரையான மூன்று பெண்கள் ஒரு தனியார் நிலையத்துக்குப் போனார்கள். தலைக்கு 5000 டொலர் கட்டினார்கள். வயிற்றுக் கொழுப்பிலிருந்து எடுத்த செல்லை இரண்டு கண்ணுக்குள்ளும் ஒரே நாளில் ஊசியால் செலுத்தினார்கள். போகும்போது மூன்று பேருக்கும் ஓரளவு பார்வை இருந்தது. சில நாட்களுக்குள் விழித்திரை கழன்று, இரத்தம் கசிந்து, மூவரும் பார்வையை இழந்தார்கள். ஒருவருக்கு வெளிச்சம் இருட்டுக்கூடத் தெரியாமல் போனது. 2017 இல் அமெரிக்காவின் முதன்மையான மருத்துவ இதழில் அவர்களுடைய கதை வெளிவந்தது. ஒரு கண்ணில் செய்துவிட்டுப் பொறுத்துப் பார்ப்பது கண் வைத்தியத்தின் அரிச்சுவடி. அந்தச் சின்னக் கவனம்கூட அங்கே இருக்கவில்லை.

சேலைனோடு ஏற்றுவதுதானே, நல்லது நடக்காவிட்டாலும் கெடுதல் வராதுதானே என்று அண்ணன் கேட்கக்கூடும். 2018 இல் அமெரிக்காவில், தொப்புள்கொடி இரத்தத்திலிருந்து தயாரித்ததாக விற்கப்பட்ட மருந்தை மூட்டிலும் முதுகிலும் ஊசியாகப் போட்டுக்கொண்ட 12 பேர் கிருமித் தொற்றோடு வைத்தியசாலையில் அனுமதிக்கப்பட்டார்கள். அதற்கு முன் 2016 இல் 66 வயதான ஒருவருடைய கதை வெளிவந்தது. பாரிசவாதத்துக்காக மூன்று நாடுகளில் போய் ஸ்டெம் செல் போட்டுக்கொண்டவர். அவருடைய முள்ளந்தண்டில் வளர்ந்த கட்டியைப் பரிசோதித்தபோது, அது அவருடைய கலமே அல்ல, வேறு யாரோ ஒருவருடைய கலம் வளர்ந்த கட்டி என்று தெரிந்தது. அம்மாவோ சீனி உள்ளவர். சீனி உள்ள உடம்பில் தொற்று வந்தால் இலகுவில் விடாது என்பதை நான் வார்ட்டில் எத்தனை தரம் பார்த்தேனோ!

என்னிடம் முன்பு கிளினிக் வந்த ஒரு கடற்றொழிலாளி இப்படித்தான் தோணியை விற்றுப் போய்வந்தார். செல் வேலை செய்யட்டும், இன்சுலினை நிறுத்துங்கள் என்று அங்கே சொல்லியிருக்கிறார்கள். நான்கு மாதம் கழித்துக் காலில் புண்ணோடு வந்தார். இரண்டு விரலை எடுக்க வேண்டியதாயிற்று. அவர் முகத்தை நினைத்துக்கொண்டுதான் உங்களுக்கு இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

மூட்டுக்குச் செல் போட்டால் பலன் உண்டா என்பதை நன்றாகவே பரிசோதித்திருக்கிறார்கள். 2023 இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில் முழங்கால் தேய்வுள்ள 475 பேர். ஒரு பகுதியினருக்கு அவர்களுடைய மச்சையில் எடுத்த கலம், இன்னொரு பகுதியினருக்குக் கொழுப்பில் எடுத்தது, மற்றொரு பகுதியினருக்குத் தொப்புள்கொடியில் எடுத்தது, எல்லாம் நேரே மூட்டுக்குள். ஒப்பிடுவதற்குச் சிலருக்கு வழமையான ஸ்டீரொய்ட் ஊசி. ஒரு வருடம் கழித்து வலியைக் கேட்டுப் பார்த்தால், மூன்று வகைச் செல்லில் ஒன்றுகூட அந்த மலிவான ஊசியை விஞ்சவில்லை. மூட்டுக்குள்ளேயே போட்டும் இவ்வளவுதான் என்றால், கையில் ஏற்றி முழங்கால் குணமாகும் என்பதை எப்படி நம்புவது?

அப்பாவின் நடுக்கத்துக்கு வருவோம். அவருக்கு இருப்பது பார்க்கின்சன் என்ற மூளை நரம்பு நோயாக இருக்கலாம். அந்த நோய் விஷயத்தில் எனக்கே நம்பிக்கை பிறந்திருக்கிறது. 2025 இல் இரண்டு ஆய்வுகள் ஒன்றாக வெளிவந்தன. ஜப்பானின் கியோத்தோவில் 7 பேர், அமெரிக்காவிலும் கனடாவிலும் 12 பேர். ஸ்டெம் செல்லை, அசைவுக்கு வேண்டிய டோபமின் என்ற இரசாயனத்தைச் சுரக்கும் நரம்புக் கலமாகவே வளர்த்தெடுத்து, மண்டையைத் திறந்து, மூளைக்குள் சரியான இடத்தில் வைத்தார்கள். உடம்பு தள்ளிவிடாமல் இருக்க எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மருந்தும் கொடுத்தார்கள். பெரிய ஆபத்து வரவில்லை, சிலருக்கு அசைவு முன்னேறியது. ஆனால் அது பத்தொன்பது பேரில் பார்த்த முதற்படி. சேலைனில் ஏற்றுவதற்கும் இதற்கும் பெயரைத் தவிர ஒரு சம்பந்தமும் இல்லை. சீனி வருத்தத்திலும் அப்படித்தான். ஸ்டெம் செல்லிலிருந்து வளர்த்த, இன்சுலின் சுரக்கும் கலங்களைப் பெற்ற 12 பேரில் 10 பேர் ஒரு வருடத்தின் பின் இன்சுலின் இல்லாமல் இருந்தார்கள் என்று அதே வருடம் செய்தி வந்தது. அது சிறு வயதில் பெரும்பாலும் தொடங்கும் முதலாம் வகைச் சீனிக்கு. ஐம்பத்தைந்து வயதில் தொடங்கிய அம்மாவுடையது அநேகமாக இரண்டாம் வகை.

பத்து வயது பின்னுக்குப் போகும் என்ற பேச்சு எங்கிருந்து வருகிறது? முதுமையின் அடையாளங்கள் என்று விஞ்ஞானிகள் 2013 இல் ஒன்பதைத் தொகுத்தார்கள், 2023 இல் அதைப் பன்னிரண்டாக்கினார்கள். குருத்துக் கலங்கள் களைத்துப்போவது அதில் ஒன்று, அது மெய். ஆனால் மீதிப் பதினொன்றும் இருக்கின்றனவே. உங்களுக்கு வயல் உண்டு, ஆகவே இப்படிச் சொல்கிறேன். வாவிக் கரையில் உவர் ஏறிய வயலுக்குள் எவ்வளவு நல்ல விதைநெல்லைக் கொண்டுபோய் வீசினாலும் முளைத்த பயிர் எரிந்துதான் போகும். முதலில் உவரைக் கழுவ வேண்டும், வரம்பைத் திருத்த வேண்டும். வயதான உடம்பில் கலம் மட்டும் வயதாவதில்லை, அது குடியிருக்கும் இழையமும், அதைச் சுற்றி ஓடும் இரத்தமும் வயதாகின்றன. புதுக் கலத்தை அங்கே விட்டால் அது எப்படி நடந்துகொள்ளும் என்பதைத்தான் ஆய்வுகூடங்களில் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறார்கள். இந்தியாவின் மருத்துவ ஆராய்ச்சிச் சபை 2017 இல் வெளியிட்ட வழிகாட்டலில், இரத்த நோய்களுக்கான மச்சை மாற்றுப் போன்ற நிறுவப்பட்ட சிகிச்சைகளைத் தவிர, ஸ்டெம் செல்லை முறையான பரிசோதனைக்கு வெளியே நோயாளிக்குக் கொடுப்பது அறத்துக்கு மாறானது என்று சொல்லியிருக்கிறது. அயல்நாட்டில் இப்படி எழுதி வைத்ததை நம் ஊர் ஹோட்டலில் யாரும் வாசித்துக் காட்டியிருக்கமாட்டார்கள்.

இது ஆராய்ச்சி என்று சொல்லி மறுபடியும் வந்தால் ஒன்று கேளுங்கள்: நோயாளியிடம் ஏன் காசு? நேர்மையான பரிசோதனையில் பெரும்பாலும் மருந்துக்கு நோயாளி பணம் கட்டுவதில்லை. ஒழுக்கவியல் குழுவின் அனுமதி எழுத்தில் இருக்கும். இலங்கையில் நடப்பதென்றால் இலங்கை மருத்துவச் சங்கத்தின் பரிசோதனைப் பதிவேட்டில் அதைத் தேடிப் பார்க்கலாம். பதிவேட்டில் பெயர் இருப்பதாலேயே சிகிச்சை நல்லது என்றும் ஆகிவிடாது, காசு வாங்குகிறவர்களும் பதிவு செய்துகொள்வதுண்டு. மாத முடிவுக்குள் கட்டினால் கழிவு என்பது சேலைக் கடைப் பேச்சு. வைத்தியத்தில் அதற்கு இடமில்லை.

ஆப்பிள் தூள். மரத்தின் குருத்துக் கலம் மனிதக் கலமாக மாறாது. வயிற்றுக்குள் போனால் மற்றச் சாப்பாட்டைப் போலச் செரித்துவிடும். பெட்டியில் சீனி எவ்வளவு என்று எழுதியிருக்கிறதா பாருங்கள், அம்மாவுக்குக் கொடுக்க வேண்டாம். உடைக்காமல் இருந்தால் திருப்பிக் கொடுத்துக் காசைக் கேளுங்கள்.

இனி நாம் செய்ய வேண்டியது. கண்ணை முதலில் பார்ப்போம், இந்த வாரத்திலேயே. பதினான்கு வருடச் சீனியில் விழித்திரையின் நுண்குழாய்கள் கசியத் தொடங்கியிருக்கலாம். அதற்கு லேசரும் ஊசியும் உண்டு, காலம் தாழ்த்தினால் போன பார்வை திரும்பாது. வெறும் கண்புரை என்றால் வில்லை வைத்து அழகாகத் திருத்திவிடலாம். எது என்று கண்ணில் மருந்து விட்டு விரித்துப் பார்த்தால்தான் தெரியும். அன்று சில மணி நேரம் கண் கூசும், தனியே பஸ்ஸில் அனுப்பாதீர்கள். களுவாஞ்சிக்குடி ஆதார வைத்தியசாலையில் கடிதம் வாங்கிக்கொண்டு மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையின் கண் பிரிவுக்கு வாருங்கள்.

அப்பாவை நரம்பியல் கிளினிக்குக் கொண்டுவரும்போது அவர் குடிக்கும் எல்லாக் குளிசைகளையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு வாருங்கள், பார்மசியில் தானே வாங்கியதையும் சேர்த்து. தலைச்சுற்றுக்குக் கொடுக்கும் சினரிசின், சத்திக்குக் கொடுக்கும் மெற்றோகுளோபிரமைட் போன்றவை நாட்பட்டால் இதே நடுக்கத்தையும் இதே நடையையும் கொண்டுவரும். அப்படியானால் மருந்தை நிறுத்தினாலே பெரும்பாலும் மாறிவிடும். பார்க்கின்சன்தான் என்றாலும் லெவோடோபா என்ற குளிசை அரை நூற்றாண்டாகப் பயனில் உண்டு. தொடக்க காலத்தில் அது தரும் சுகம் பெரியது.

முழங்காலுக்குக் கொஞ்சம் பொறுமை வேண்டும். கதிரையில் இருந்தபடி ஒரு காலை நேரே நீட்டி, தொடைத் தசையை இறுக்கி, ஐந்து வரை எண்ணி இறக்கச் சொல்லுங்கள். ஒவ்வொரு காலுக்கும் பத்துத் தரமாக, காலையிலும் மாலையிலும். பிசியோதெரபி பிரிவில் மேற்கொண்டு பழக்குவார்கள். உடம்பில் ஒரு கிலோ குறைந்தால் ஒவ்வோர் அடியிலும் முழங்காலில் விழும் பாரம் நான்கு கிலோ குறைகிறது என்று அளந்திருக்கிறார்கள், ஆகவே மூன்று கிலோ குறைந்தாலும் அம்மாவுக்கே வித்தியாசம் தெரியும். நிலத்தில் குந்தித் தேங்காய் துருவுவதையும் மீன் வெட்டுவதையும் மேசைக்கு மாற்றுங்கள். அண்ணன் அனுப்பும் காசில் முதலில் ஒரு கொமட் கட்டி, சுவரில் பிடிகம்பி பூட்டுங்கள். இத்தனையும் செய்து ஆறு மாதத்தில் இரவு நித்திரையைக் கெடுக்கும் வலி நின்றபாடில்லை என்றால் மூட்டு மாற்றுச் சத்திரசிகிச்சையைப் பற்றி என்பியல் நிபுணரோடு பேசுவோம். 69 வயது அதற்குத் தடையல்ல, சீனி கட்டுப்பாட்டில் இருக்க வேண்டும். அண்ணனின் பங்கை அதற்கென்று வைத்திருக்கச் சொல்லுங்கள்.

செலவழிக்காவிட்டால் கைவிட்ட மாதிரி இருக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். உங்கள் கடிதத்தை மூன்று தரம் வாசித்தேன் மகள். அண்ணன் சொன்னது இருக்கிறது, அண்ணனின் நண்பர் சொன்னது இருக்கிறது, கூட்டத்தில் பேசியவர்கள் சொன்னது நிறைய இருக்கிறது. அம்மாவுக்கு என்ன வேண்டும் என்று ஒரு வரியும் இல்லை. இன்றைக்குப் பின்னேரம் பக்கத்தில் இருந்து கேளுங்கள். பத்து வயது குறைய வேண்டும் என்று சொல்வா என்று நான் நினைக்கவில்லை. குருமண்வெளியில் வாவியைக் கடக்கும் பாதைப் படகில் ஏறி மண்டூர்த் திருவிழாவுக்குப் போய்வர வேண்டும் என்று சொல்லக்கூடும், அல்லது பேரப்பிள்ளையின் கொப்பி எழுத்தைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்று. வயலைப் பற்றியும் கேளுங்கள். அது அம்மாவின் சீதனக் காணியா, உறுதி யார் பேரில் என்பதுகூட நீங்கள் எழுதவில்லை.

அம்மா சொல்வதை ஒரு தாளில் எழுதிக் கொண்டுவாருங்கள். கிளினிக் கொப்பி, கடைசி மூன்று மாதச் சீனி ரிப்போர்ட், முழங்கால் எக்ஸ்ரே, அந்தப் பிரசுரம் எல்லாவற்றையும் அதோடு வையுங்கள். அண்ணனுக்கு லீவு கிடைக்கும் நேரம் சொன்னால், நீங்கள் என் முன்னால் இருக்கும்போதே அவருக்கு வட்ஸ்அப்பில் கோல் எடுத்து நானே பேசுகிறேன்.